நெருப்பு தீட்டும் நிலக்காட்சி!

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் உருக்காலைகளில் தயாராகும் ஆயிரம் கம்பிகளும் ஒன்றைப்போல் ஒன்று இருந்தாக வேண்டும். ஒன்று மாறினாலும் குற்றம்!

ஆனால், புதுச்சேரியில் மூட்டப்பட்ட ஒரு சூளையின் கதையே வேறு. அதிலிருந்து வரும் இரண்டு கிண்ணங்கள் ஒரே மாதிரி இருந்தால்தான் ஆச்சரியம்!

1971-ஆம் ஆண்டு ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் அங்கே 'கோல்டன் பிரிட்ஜ்' மண்பாண்டக் கூடத்தைத் தொடங்கினார்கள். மீக்கர் கட்டடக் கலையும் பயின்றவர். டெபோராவோ ஜப்பானில் பிசென் என்ற ஊரில் பாண்டத் தொழில் கற்றவர்.

மண் கல்லாகும் விந்தை

நம் ஊர்ப் பானை 1,000 டிகிரிக்கு உட்பட்ட வெப்பத்திலேயே வெந்துவிடும். அதில் நீர் மெல்லக் கசியும். அதனால்தான் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. இவர்கள் செய்ததோ 'ஸ்டோன்வேர்'. தகுந்த களிமண்ணை 1,200 முதல் 1,300 டிகிரி வரை சுட்டால் அது கல்லாக இறுகிவிடும். நீர் கசியாது.

மலையையும் ஆற்றையும் நினைவூட்டும் நிறங்கள் இதற்கு எங்கிருந்து வருகின்றன? தூரிகையால் மட்டும் அல்ல! கருங்கல்லில் உள்ள பெல்ஸ்பாரும் குவார்ட்சும்தான் மெருகுப் பூச்சிலும் சேர்கின்றன. அதில் இரும்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருந்து, சூளையில் காற்றும் குறைந்தால், குளத்து நீரின் பச்சை கிடைக்கும். எட்டு, பத்துப் பங்கானால் பாறையின் கருமை! விறகுச் சாம்பலும் பறந்து வந்து படிந்து, கண்ணாடியாக உருகி ஓடும். செம்மண்ணுக்குச் சிவப்பைத் தரும் அதே இரும்புதான் இங்கும் வேலை செய்கிறது. ஆகவே, இது இயற்கையின் படம் அல்ல. இயற்கையின் கைவேலையே என்றால் மிகையாகாது.

அங்கே பயின்ற பலர் நாடெங்கும் பரவினர். அவர்களுள் ஒருவரான வினீத் கக்கர், இமயமலையின் அடுக்குகளையும் ஸ்தூபிகளையும் களிமண்ணில் கொண்டுவந்தார்.

உழைப்புக்கு என்ன விலை?

பல வார உழைப்பைச் சூளைக்குள் அடுக்கிவிட்டால், அப்புறம் கலைஞன் கையில் ஒன்றும் இல்லை. வெப்பம் சற்று ஏறினால் பாண்டம் கோணும். அவசரப்பட்டு ஆறவிட்டால் விரிசல் விழும். உடைந்ததற்கான விறகுச் செலவையும் பிழைத்த பாண்டம்தான் சுமக்க வேண்டும். கைவேலைக் கோப்பையின் விலை அதிகமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் வந்து குயவர் சக்கரத்தை ஒதுக்கிய காலத்தில், பரம்பரைக் குயவர் அல்லாத உள்ளூர்த் தொழிலாளர்களும் புதுச்சேரியில் இக்கலையைக் கற்றுப் பிழைப்புத் தேடிக்கொண்டார்கள். சிலர் சொந்தப் பட்டறையும் வைத்தார்கள். இது சிறிய சாதனையா?

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் நிலக்காட்சிக்கு என்ன பஞ்சம்? பழவேற்காட்டு ஏரியின் சாம்பல் நிற மாலை இருக்கிறது. பூண்டிப் பக்கத்துச் செம்மண் மேடும் கூழாங்கல்லும் இருக்கின்றன. அவற்றைப் பாண்டத்தில் பிடிக்கும் கைகள் இங்கும் உருவாகட்டும். அந்தக் கைகளுக்கு உரிய விலையைத் தர நாமும் மனம் வைக்க வேண்டும், அல்லவா?