வேலியில் படரும் கண்வலிக் கிழங்கு

உவரி, திசையன்விளை வட்டாரத்தில் மழைக்குப் பின் வேலியோரங்களில் நெருப்புக் கொழுந்துபோல் பூக்கும் கண்வலிக் கிழங்கைப் பலரும் கண்டிருப்பீர்கள். செங்காந்தள் என்பதும் இதுவே. தமிழ்நாட்டின் மாநில மலர். கிழங்கின் வடிவத்தால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர்.

சுகப்பிரசவம் வேண்டிக் கிழங்கை அரைத்து உள்ளங்காலில் பூசுவதும், தேள்கடிக்குப் பற்றுப் போடுவதும் பழைய வழக்கம். சித்த வைத்தியர்கள் சுத்தி செய்த பின்னரே மருந்தில் சேர்ப்பார்கள். இதிலுள்ள கோல்சிசின் கடும் விஷம். யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கத்திற்கு மருந்தும் அதுவே. விதைக்கு விலை கிடைப்பது இதனால்தான். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் இது தோட்டப் பயிராகவே ஆகிவிட்டது.

வடிகால் வசதியுள்ள செம்மண், மணற்சாரி நிலம் ஏற்றது. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். ஆனி, ஆடியில் 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்குகளை 2 அடிக்கு 1½ அடி இடைவெளியில் நடலாம். ஏக்கருக்குச் சுமார் 14,500 கிழங்குகள், எடையில் 800 கிலோ பிடிக்கும். முளை கிழங்கின் நுனியில்தான் இருக்கிறது; அது ஒடிந்தால் கிழங்கு வீண். எனவே கூடையில் கொட்டிக் குலுக்காமல் கையாள வேண்டும். விதை போட்டு வளர்த்தால் பூக்கவே சில ஆண்டுகள் ஆகும். கொடி இலை நுனியால் பற்றி ஏறுவதால் காய்ந்த முள் விறகோ கம்பிப் பந்தலோ தேவை.

பூவில் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகி வளைந்திருக்கும். ஆகவே காலை வேளையில் மகரந்தத்தைக் கையால் சூல்முடியில் தொட்டுவைத்தால் காய் நன்கு பிடிக்கும். கூலியாள் செலவு இங்கேதான் அதிகம். நட்ட ஐந்தாறு மாதங்களில் காய் கரும்பச்சையாகித் தோல் சுருங்கும்போது பறித்து நிழலில் உலர்த்துக. விதை விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவது. வாங்குபவரை விசாரிக்காமல் நிலம் முழுவதும் நட வேண்டாம்.

நடவுக் கிழங்கைப் பொங்கலுக்கு வாங்கும் சிறுகிழங்கு, சேனையோடு ஒரே அறையில் வைக்காதீர்கள். வள்ளிக்கிழங்கென்று நினைத்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகே வாந்தியும் பேதியும் வரும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. கைவைத்தியத்தில் நேரம் கடத்தாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். மிச்சக் கிழங்கையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.