டேட்டாபேஸுக்கு முகவரி என்ன?

களமருதூரில் உரக்கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவருக்கு, விவசாயிகளின் கடன் கணக்கைக் காட்டும் சிறிய வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அறுவடை முடிந்த பிறகுதான் பணம் வரும். கணக்கு தொலைந்தால் கடையே தொலைந்த மாதிரி. வீட்டுக் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடும் இத்தகைய புரோகிராம், கன்டெய்னரில் போட்டு க்ளஸ்டரில் ஏற்றியதும் "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" என்று பிழைச் செய்தி தருவது வழக்கம். ஏன் என்று பார்ப்போம்.

புரோகிராமையும் அதற்குத் தேவையான ஃபைல்களையும் ஒன்றாகக் கட்டிய பொட்டலமே கன்டெய்னர். 2013-ல் வெளியான டாக்கர் இதைப் பிரபலமாக்கியது. பல கம்ப்யூட்டர்களை இணைத்து இந்தப் பொட்டலங்களை இயக்குவது க்ளஸ்டர். அதை நிர்வகிக்க, கூகுள் 2014-ல் வெளியிட்ட குபர்நெட்டிஸ் பயன்படுகிறது. சின்னக் கடைக்கு இது அதிகப்படிதான். கற்றுக்கொள்ள நல்ல வழி.

வீட்டுக் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸின் முகவரியாக "லோக்கல்ஹோஸ்ட்" என்று கொடுத்திருப்பீர்கள். "இதே கம்ப்யூட்டர்" என்று அதற்குப் பொருள். க்ளஸ்டரிலோ அப்ளிகேஷன் ஒரு பாட்-லும் டேட்டாபேஸ் வேறொரு பாட்-லும் இருக்கும். பாட் என்பது கன்டெய்னர் குடியிருக்கும் வீடு. அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்றால், அப்ளிகேஷன் தன் வீட்டிலேயே டேட்டாபேஸைத் தேடும். ஐ.பி. எண்ணைக் கொடுக்கலாமா? பழைய பாட் போய்ப் புதியது வந்தால் எண் மாறிவிடும். எனவே டேட்டாபேஸுக்கு முன்னால் "சர்வீஸ்" ஒன்றை உருவாக்கி, அதன் பெயரைக் கொடுங்கள். பெயர் மாறாது.

ஒரே நேம்ஸ்பேஸில் இருந்தால் "டிபி" என்ற பெயர் மட்டும் போதும். வேறு நேம்ஸ்பேஸ் என்றால் "டிபி.கடை.எஸ்விசி.க்ளஸ்டர்.லோக்கல்" என்று முழுதாக எழுதலாம். களமருதூர், உளுந்தூர்பேட்டை வட்டம், கள்ளக்குறிச்சி மாவட்டம் என்று தபாலில் எழுதுவது போலத்தான். 2019-ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, ஊருக்குள் பெயர் சொல்லி விசாரித்தவர்களுக்கு எந்தச் சிரமமும் இல்லையே!

போர்ட் எண்ணையும் கவனியுங்கள். வழக்கமாக மைஎஸ்க்யூஎல்-க்கு 3306, போஸ்ட்க்ரெஸ்-க்கு 5432. பாஸ்வேர்டைப் புரோகிராமுக்குள் எழுதாமல் "சீக்ரெட்" பகுதியில் வையுங்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது தானாகப் பூட்டப்படுவதில்லை, பேஸ்64 முறையில் மாற்றி எழுதப்படுகிறது, அவ்வளவே. அதைப் பார்க்கும் அனுமதியைச் சிலருக்கு மட்டும் கொடுங்கள்.

இணைப்பு கிடைத்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். டேட்டாபேஸ் தன் கன்டெய்னருக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தால், பாட் அழியும்போது கணக்கும் அழியும். "பெர்சிஸ்டன்ட் வால்யூம்" என்ற தனி டிஸ்க் இடத்தை அதற்கு ஒதுக்குங்கள். பிறகு மாதிரிக் கணக்கு ஒன்றை ஏற்றி, டேட்டாபேஸ் பாடை நீங்களே அழித்துவிட்டு, புதிய பாட் வந்ததும் அந்தக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான கடன் கணக்கை அதன் பிறகே ஏற்றுங்கள்.