நிரல் ஆக்கியில் வழக்கிற்கு மாறான பெயர்கள்

கோலார் தங்கவயலில் தங்கம் எடுக்கும் பணி 2001-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆயினும் மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப்ஸ் முதலிய பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அவ்விடங்களின் நீர்மட்டத்தைக் கணிப்பொறியில் பதிவதாகக் கொள்க. படிவத்தின் தலைப்புகளைப் படித்து, அவற்றிற்கேற்ற நிரலைத் தானே எழுதித் தரும் கருவி ‘நிரல் ஆக்கி’ எனப்படும். ஒவ்வொரு தலைப்பும் அந்நிரலில் ஓர் அடையாளப் பெயராகின்றது.

மக்கள் இடும் பெயர்கள் யாவும் கணிப்பொறி மொழிகளுக்கு ஏற்றவை அல்ல. பெரும்பாலான மொழிகளில் அடையாளப் பெயரின் இடையே வெற்றிடம் வரலாகாது. முதலில் எண் நிற்றலாகாது. மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொல்லும் ஆகாது. ‘மைசூர் மைன்ஸ்’ முதல் விதியை மீறுகின்றது; ‘80-ஆம் லெவல்’ இரண்டாம் விதியையும் மீறுகின்றது; பாறையின் வகையைக் குறிக்கும் ‘கிளாஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் பல மொழிகளில் மூன்றாம் விதிக்கு மாறானது. வெற்றிடத்திலும் சிறுகோட்டின் இடத்திலும் அடிக்கோடு இடுதல், எண்ணுக்கு முன் ஓர் எழுத்தைச் சேர்த்தல், ஒதுக்கிய சொல்லின் இறுதியில் அடிக்கோடு சேர்த்தல் ஆகியவை வழக்கமான பரிகாரங்கள்.

பரிகாரமே புதிய பிழைக்கு வித்தாதலும் உண்டு. ஒருவர் சுரங்கக் குழியை ‘மைசூர் மைன்ஸ்’ என்றும், மற்றொருவர் அங்குள்ள குடியிருப்புக் கிணற்றை ‘மைசூர்-மைன்ஸ்’ என்றும் குறித்திருப்பின், இரண்டும் ‘மைசூர்_மைன்ஸ்’ என ஒன்றாகிவிடும். கிணற்றின் அளவு குழியின் அளவை அழித்துவிட்டு அதன் இடத்தில் அமரும். எச்சரிக்கை ஏதும் எழாமலே இது நிகழக்கூடும்.

தமிழ் எழுத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. யூனிக்கோடு முறையில் ‘கோலார்’ என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. பைத்தான் மொழி இரண்டையும் ஒரே பெயராகக் கொள்ளும். ஜாவா மொழி வெவ்வேறு பெயர்களாகக் கொள்ளும்.

ஆகவே நிரல் ஆக்கி முதற்கண் எழுத்துக் குறியீடுகளை ஒரே வடிவிற்குக் கொணர்தல் வேண்டும். பின்னர், மாறாத விதிப்படி பெயரை அமைத்து, அப்பெயர் முன்னரே வந்துள்ளதா எனச் சோதித்தல் வேண்டும். வந்திருப்பின், பெயரோடு 1, 2 என எண் சேர்ப்பது சிலர் வழக்கம். தலைப்புகளின் வரிசை மாறினால் அவ்வெண்களும் இடம் மாறும். ஆதலின் வேலையை நிறுத்தி மோதலை அறிவிப்பதே நன்று. மூலப் பெயரையும் ஆக்கிய பெயரையும் இணைத்துக் காட்டும் பட்டியல் ஒன்றையும் கருவி பேணுதல் வேண்டும். அறிக்கைகளில் மூலப் பெயரே தோன்றுதல் வேண்டும்.

களப்பணியாளர் ஓர் இடத்தின் பெயரை எல்லாப் படிவங்களிலும் ஒரே வகையில் எழுதுவதும், குழி, கிணறு என்னும் வேறுபாட்டைத் தலைப்பிலேயே குறிப்பதும் இப்பிழையின் பெரும்பகுதியைத் தொடக்கத்திலேயே தவிர்க்கும்.