எல் அலமெய்ன்: மணலுக்கடியில் காத்திருந்த பகை

எகிப்தின் எல் அலமெய்னில் 1942 அக்டோபர் 23 இரவு, நிலவொளியில் பிரிட்டிஷ் தரப்பின் ஏறத்தாழ 900 பீரங்கிகள் ஒருசேர முழங்கியபோது, முன்னேறிய வீரர்களை முதலில் எதிர்கொண்டவை ஜெர்மானிய டாங்கிகள் அல்ல, மணலுக்கடியில் புதைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 5 லட்சம் கண்ணிவெடிகளே. 'பிசாசின் தோட்டம்' எனப்பட்ட அந்நிலப்பரப்பில், சாப்பர்கள், அதாவது படைக்கு வழியமைக்கும் பொறியியல் பிரிவினர், போலந்து அதிகாரி ஒருவர் வடிவமைத்த கருவியால் புதைந்த உலோகத்தைக் கண்டறிந்தும், கருவி கிட்டாத இடங்களில் துப்பாக்கிமுனைக் கத்தியால் மணலைக் குத்திப் பார்த்தும், குண்டுமழைக்கிடையே தவழ்ந்தபடி பாதை திறந்தனர். பிரிட்டிஷ் தரப்பின் மான்ட்கோமரி, ஜெர்மானியத் தரப்பின் ரோமல் ஆகிய தளபதிகளைப் பற்றியே பெரிதும் பேசும் போர் வரலாறுகள், வீரர்களை மாதக்கணக்கில் வாட்டிய குடிநீர்ப் பங்கீட்டையும், உணவில் மொய்த்த ஈக்களையும், சிறு கீறலும் ஆறாமல் சீழ்பிடிக்கும் 'பாலைப்புண்'ணையும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அதே போர்முனையின் ருவைசாத் மேட்டில் பிரிட்டிஷ் தரப்பில் நின்ற 4ஆம் இந்தியப் படைப்பிரிவினரும் இத்துன்பங்களுக்கு விலக்கல்லர்.