களத்தில் அளக்காத பங்கு
தனியார் பாடசாலைகளில் நடத்துவோர் சம்பளமும் கற்பிப்போர் சம்பளமும்

மாத்தளைக்கு வடக்கே, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியோரத்தில் இருக்கிறது பலாபத்வல. காலையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்போரில், சேலை உடுத்து, கையில் கொப்பிக் கட்டுடன் இளம் பெண்கள் சிலரையும் காணலாம். தனியார் பாடசாலைகளிலும் முன்பள்ளிகளிலும் கற்பிக்கப் போகும் ஆசிரியைகள் அவர்கள். இவர்களைப் போன்றவர்கள் எமது வாசகர்களின் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்தை விட்டு இதே வீதியால் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன குடும்பங்கள் பல. அங்கே காடு வெட்டி, கிணறு தோண்டிப் பயிர் செய்தார்கள். யுத்தம் அந்தக் காணிகளிலிருந்தும் அவர்களைக் கிளப்பியது. காணியை இழந்த வீட்டில் மாதா மாதம் கைக்கு வரும் காசு பெரும்பாலும் படித்த பிள்ளையின் சம்பளம்தான். அதே வீடுகளில் சில, நகையை அடகு வைத்துத் தனியார் பாடசாலைக்குக் கட்டணமும் கட்டுகின்றன. ஆகவே அந்தக் கட்டணம் எங்கே போகிறது, அதில் ஆசிரியைக்கு எவ்வளவு, நடத்துபவருக்கு எவ்வளவு என்பது நமக்குப் புறம்பான விடயமல்ல.

களத்துக் கணக்கு

வாரத்துக்கு வயல் செய்தவர்களுக்கு இது விளங்கும். சூடடித்த நெல்லைக் களத்திலேயே குவித்து, காணிக்காரரும் பயிர் செய்தவரும் பார்த்திருக்க அளப்பார்கள். காணிக்காரரின் பங்கு கூடவாக இருக்கலாம். அது நியாயமா என்று வாதாடலாம். வாதாடுவதற்குக் குவியல் கண் முன்னே இருக்க வேண்டும். வீட்டுக்குள் அளந்து, “உன் பங்கு இவ்வளவுதான்” என்று சாக்கை நீட்டினால் என்ன சொல்ல முடியும்? பாடசாலைச் சம்பளத்திலும் முதற் கேள்வி, குவியல் எங்கே அளக்கப்படுகிறது என்பதே.

அன்றைய தோட்டப் பள்ளிக்கூடம்

இந்த மலைகளில் முதலில் இருந்த பள்ளிக்கூடங்களும் ஒரு வகையில் தனியாருடையவையே. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தன. அரசாங்கம் நன்கொடை கொடுத்தது. ஆசிரியரை நியமித்ததும் அவருக்குச் சம்பளம் கொடுத்ததும் தோட்டம்தான். பெரும்பாலானவை ஓராசிரியர் பள்ளிக்கூடங்கள். பல இடங்களில் ஆசிரியரே கணக்கப்பிள்ளை வேலையும் பார்த்தார். துரையின் பங்களாவுக்கும் வாத்தியாரின் லயக் காம்பராவுக்கும் இருந்த தூரமே இருவரின் சம்பளத்துக்கும் இடையிலான தூரம். அதைக் கேட்க வழியிருக்கவில்லை. ஏனெனில் கணக்குப் புத்தகம் துரையிடம் இருந்தது.

தோட்டங்கள் அரசுடைமையான பின், 1977 முதல் இப்பள்ளிக்கூடங்களை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஆசிரியர்களின் சம்பளம் தோட்டத்தின் கையிலிருந்து அரச சம்பளத் திட்டத்துக்கு மாறியது.

அரச பாடசாலையில்

இன்று அரச பாடசாலை அதிபருக்கும் ஆசிரியருக்கும் ஒரே சம்பளம் அல்ல. அதிபர் சேவைக்கு ஒரு அளவுத் திட்டம், ஆசிரியர் சேவைக்கு வேறொன்று. ஆனால் இரண்டும் சுற்றறிக்கையில் அச்சாகியிருக்கின்றன. யாருக்கு எவ்வளவு, எத்தனை வருடத்தில் எவ்வளவு கூடும் என்பதை எவரும் பார்க்கலாம்.

இதன் பலன் 2021இல் தெரிந்தது. 1997 முதல் தொடர்ந்த சம்பள முரண்பாட்டைத் தீர்க்கும்படி ஆசிரியர்களும் அதிபர்களும் சேர்ந்து அவ்வாண்டு ஜூலை 12ஆம் திகதி பணிப்புறக்கணிப்பில் இறங்கினார்கள். ஒக்டோபர் வரை அது நீடித்தது. 2022ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 3,000 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனாலும் அச்சான எண்கள் கையில் இருந்தபடியால், என்ன இழந்தோம் என்று அவர்களால் காட்ட முடிந்தது.

வெளிப்படையாக இருந்தால் எல்லாம் நியாயமாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. 2015ஐ ஒட்டிப் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு நியமிக்கப்பட்ட ஆசிரியர் உதவியாளர்களுக்கு முதலில் மாதம் 6,000 ரூபாவே கொடுக்கப்பட்டது. அந்த எண் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைச் சொல்லியே கேட்டார்கள். பின்னர் அது 10,000 ரூபாவானது.

தனியார் பாடசாலையில் மறைவது ஏன்?

நமது நாட்டில் தனியார் பாடசாலைகள் ஒரே வகையல்ல. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, சில தனியே நிற்கத் தீர்மானித்தன. திருச்சபைகளின் பழைய கல்லூரிகள் சில இவ்வகையின. 1961ஆம் ஆண்டுச் சட்டம் 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலை ஆரம்பிப்பதையும் தடுத்தது. ஆகவே பின்னர் வந்த ‘சர்வதேசப் பாடசாலை’கள் கம்பனிச் சட்டத்தின் கீழ் வியாபார நிறுவனங்களாகப் பதிவாயின.

கம்பனி என்றால் அதன் உரிமையாளர், பணிப்பாளர், நிர்வாகி ஒருவராகவோ ஒரே குடும்பமாகவோ இருக்கலாம். அவர் சம்பளமும் எடுக்கலாம், இலாபமும் எடுக்கலாம், வாகனச் செலவையும் பாடசாலைக் கணக்கில் போடலாம். ஆசிரியைக்கு அரச அளவுத் திட்டப்படி கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியையின் சம்பளம் கூடத் தெரியாதபடி, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசி முடிப்பதும் உண்டு.

நிர்வாகியின் வேலை இலேசானது என்று நாம் நினைக்கவில்லை. வாடகை, கடன், பெற்றோரின் முறைப்பாடு, பிள்ளைகளின் பாதுகாப்பு எல்லாம் அவர் தலையில். அதற்குக் கூடுதலாகக் கொடுக்கத்தான் வேண்டும். அந்தக் கூடுதல் எதிலிருந்து வருகிறது என்பதே கேள்வி.

கணக்கு ஒன்று

விளங்குவதற்காக ஒரு கற்பனைப் பாடசாலையை எடுப்போம். 200 பிள்ளைகள், மாதக் கட்டணம் 4,000 ரூபா, வரவு 800,000 ரூபா. ஆசிரியர், சிற்றூழியர் 16 பேர்.

ஆளுக்கு 30,000 ரூபா கொடுத்தால் 480,000. சட்டப்படி தொழில்கொள்வோர் கட்ட வேண்டிய நிதி 15 வீதம், அதாவது 72,000. வாடகை, மின்சாரம் முதலியன 100,000 என்று வைப்போம். மிஞ்சுவது 148,000. நிர்வாகத்துக்கும் எதிர்காலச் செலவுக்கும் அது.

இனி, ஆளுக்கு 20,000 மட்டும் கொடுத்து நிதியும் கட்டாவிட்டால், மிஞ்சுவது 380,000. கூடிய 232,000 ரூபா வானத்திலிருந்து விழவில்லை. 160,000 சம்பளத்தில் குறைத்தது. 72,000 கட்டாமல் விட்டது. முதற் கணக்கில் மிஞ்சியது ஓர் ஆசிரியையின் சம்பளத்தைப் போல் ஐந்து மடங்கு. இரண்டாவதில் பத்தொன்பது மடங்கு. பெற்றோர் கட்டிய கட்டணமோ இரண்டிலும் ஒன்றே.

சட்டம் தரும் பங்கு

தனியார் பாடசாலை ஆசிரியையும் தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்புக்கு உரியவரே. நான்கு விடயங்களை நினைவில் வைக்க வேண்டும்.

1. குறைந்தபட்சச் சம்பளம். 2016ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2025இல் திருத்தப்பட்டது. அதன்படி மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபா. 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. மேலே சொன்ன 20,000 ரூபா இதற்குக் கீழானது.

2. ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம், தொழில்கொள்வோர் 12 வீதம்.

3. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில்கொள்வோர் 3 வீதம் கட்ட வேண்டும். ஊழியரிடம் இதைக் கழிக்கக் கூடாது.

4. பணிக்கொடை. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு, விலகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.

30,000 ரூபா சம்பளத்தில் ஆறு வருடம் கற்பித்த ஆசிரியைக்கு இதில் பாடசாலை கட்ட வேண்டியது எவ்வளவு? சேமலாப நிதிக்கு 259,200, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 64,800, பணிக்கொடை 90,000. மொத்தம் 414,000 ரூபா, வட்டி நீங்கலாக. காணி இல்லாத குடும்பத்துக்கு இது ஒரு கிணறு, ஒரு கூரை, அல்லது ஒரு பிள்ளையின் மேற்படிப்பு.

இன்னொரு தந்திரமும் உண்டு. 30,000 ரூபாவை ‘அடிப்படை 15,000, ஊக்குவிப்பு 15,000’ என்று பிரித்து எழுதி, அடிப்படைக்கு மட்டும் நிதி கட்டுவது. கைக்கு வருவது குறையாதபடியால் இது உடனே தெரியாது. விலகும் நாளில்தான் பாதி இல்லை என்பது தெரிய வரும்.

நாம் செய்யக்கூடியவை

வேலைக்குச் சேரும் பிள்ளையிடம் நியமனக் கடிதம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைக்குச் சம்பளம் உண்டா என்பன அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டாம், பிரதி போதும். சேமலாப நிதியின் அங்கத்துவ இலக்கத்தை முதல் மாதத்திலேயே கேட்க வேண்டும். சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வைக்க வேண்டும். இடம்பெயர்ந்து பழகிய நமக்கு, பத்திரங்களை ஒரு பையில் போட்டு வைப்பதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

நிதி கட்டப்படவில்லை என்றால் மாத்தளைத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். ஒருவர் தனியே போவதைவிட நாலு பேர் சேர்ந்து எழுதுவது நல்லது. வேலையிலிருந்து நீக்கினால் சட்டம் குறித்த காலத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும்; காலம் கடந்தால் வழக்கு நிற்காது.

கட்டணம் கட்டும் பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. பெற்றோர் கூட்டத்தில் கட்டடத்தையும் சீருடையையும் பற்றிக் கேட்கிறோம். “ஆசிரியைகளுக்குச் சேமலாப நிதி கட்டுகிறீர்களா?” என்றும் கேட்போம். வருடத்துக்கு மூன்று ஆசிரியைகள் மாறும் வகுப்பில் நமது பிள்ளை என்ன படிக்கும்?

பாடசாலை நடத்தும் திருச்சபையாரிடமும் இதையே கேட்கிறோம். கோவிலில் ‘சேவை’ என்று சொல்லி, பாடசாலையில் அந்தச் சேவையை ஆசிரியையின் தலையில் மட்டும் வைப்பது முறையல்ல. குவியலைக் களத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லோரும் பார்த்திருக்க அளப்போம். அதன் பின் யாருக்கு எவ்வளவு என்று பேசலாம்.