மெதுவாப் போனாலும் பேட்டரி காலி!

பைக்ல பெட்ரோல் தீர்ந்தா பங்க் வரைக்கும் தள்ளிட்டுப் போயிடலாம். கடலுக்கு அடியில போற ரோபோவுக்கு பேட்டரி தீர்ந்தா? ரோபோவும் போச்சு, அது சேர்த்து வெச்ச தகவலும் போச்சு! அதனால தண்ணியில இறக்குறதுக்கு முன்னாடியே ஒரு கணக்கு போட்டுப் பார்த்துடணும். வாங்க, போடலாம்.

தண்ணீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தியானது. தன்னைக் கிழித்துக்கொண்டு போகிற எதையும் பின்னுக்கு இழுக்கும். அந்த விசைக்குப் பெயர்தான் டிராக். நீரின் அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், முகப்புப் பரப்பு, வடிவத்துக்கான டிராக் குணகம் - நாலையும் பெருக்கிப் பாதியாக்கினால் டிராக் ரெடி. வேகம் இரண்டு மடங்கானால் டிராக் நான்கு மடங்கு. தேவைப்படும் பவரோ எட்டு மடங்கு!

20 செ.மீ. விட்டமுள்ள டார்பிடோ வடிவ ரோபோவை எடுத்துக்குங்க. டிராக் குணகம் 0.2, மோட்டார், புரொப்பெல்லர் சேர்த்து திறன் 50 சதவீதம், பேட்டரி 1,000 வாட்-மணி. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் டிராக் 3.2 நியூட்டன், மோட்டார் குடிப்பது 6.4 வாட். கம்ப்யூட்டர், சென்சார்களுக்குத் தனியாக 20 வாட். ஆக, 38 மணி நேரத்தில் 136 கி.மீ. போகலாம்.

வேகத்தை 2 மீட்டராக்கினா? 100 கி.மீ.தான். 'சரி, மெதுவாவே போவோம்'னு அரை மீட்டராக்கினா? 86 கி.மீ.தான்! மோட்டார் குடிக்காவிட்டாலும் கம்ப்யூட்டர் குடிச்சுக்கிட்டே இருக்குதே! மற்ற கருவிகளின் செலவில் பாதியை மோட்டார் எடுக்கிற வேகம்தான் பெஸ்ட். நம்ம ரோபோவுக்கு அது 1.16 மீட்டர்.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 2008-ல் அட்லாண்டிக்கைக் கடக்க அனுப்பிய கிளைடர் ரோபோ போகும் வழியிலேயே தொலைந்துபோனது. அவங்க விடலை. 2009 ஏப்ரலில் நியூஜெர்ஸியில் கிளம்பிய 'ஸ்கார்லெட் நைட்', டிசம்பரில் ஸ்பெயின் பக்கம் போய்ச் சேர்ந்தது. 221 நாள், சுமார் 7,400 கி.மீ., வழியில் ரீசார்ஜே இல்லை! அதுக்கு புரொப்பெல்லர் கிடையாது. மூழ்கி, மிதந்து, இறக்கையால் சறுக்கிப் போகும். உள்ளே இருந்த கருவிகளும் சொற்ப கரன்ட்டில் ஓடின. அதனால்தான் ஆமை வேகம் அதுக்குக் கட்டுப்படியாச்சு. அதை வழிநடத்திய டீமில் உங்களை மாதிரி கல்லூரி மாணவர்களும் இருந்தாங்க.

அடுத்த ப்ராஜெக்ட்ல 'எவ்வளவு பெரிய மோட்டார் போடலாம்?'னு கேட்கிறதுக்கு முன்னாடி, 'மோட்டார் தவிர மத்ததெல்லாம் எவ்வளவு குடிக்குது?'ன்னு கேளுங்க. ரோபோ பத்திரமா வீடு திரும்பும்!