ஏரிச் சேறு சொன்ன சாட்சி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஹேசல்டன் ஊருக்கு அருகே சீலி என்றொரு சிறிய ஏரி இருக்கிறது. அந்த மண்ணின் கிட்சான் பழங்குடிகளிடம் அதைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. மெடீக் என்ற மாபெரும் கரடி மலையோடை வழியாக இறங்கி வந்து, மரங்களை வேரோடு சாய்த்து, மக்களைக் கொன்றதாம்.

இப்படிக் குலந்தோறும் காக்கப்படும் வரலாறுகளை அவர்கள் ‘அதாவுக்’ என்கிறார்கள். இவற்றைச் சொல்லும் இடம் ஊர்விருந்து. பிற குலத் தலைவர்கள் சாட்சியாக அமர்ந்திருப்பார்கள். தவறாகச் சொன்னால் சபையிலேயே மறுப்பு எழும்.

கிட்சான் தலைவர்களும் அண்டையிலுள்ள வெட்சுவெட்டன் தலைவர்களும் சுமார் 58,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு உரிமை கோரித் தொடுத்த வழக்கின் விசாரணை 1987இல் தொடங்கியது. அவர்களிடம் பட்டா இல்லை; வாய்மொழி வரலாறு இருந்தது. கரடிக் கதையை எப்படிச் சோதிப்பது?

ஆய்வாளர்கள் ஏரியின் அடிச்சேற்றைப் படித்தார்கள். ஏரியில் ஆண்டுதோறும் வண்டலும் மகரந்தமும் படிகின்றன. மகரந்தத் துகளின் மேலோடு மிக உறுதியானது. அமிலத்தில் சேற்றைக் கரைத்தாலும் அது அழியாது. நுண்ணோக்கியில் அதன் வடிவத்தைப் பார்த்து எந்த வகைச் செடியுடையது என்று சொல்லிவிடலாம். கரையோரச் செடிகளின் மகரந்தம் கூடுவதும் குறைவதும் நீர்மட்டம் மாறிய கதையைச் சொல்லும். சேற்றில் புதைந்த மரத்துண்டில் எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பன் அதன் வயதைச் சொல்லும்.

இந்தத் தடயங்கள் ஒரே நிகழ்வைக் காட்டின. சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் மலையிலிருந்து பாறையும் சேறும் ஓடை வழியே சரிந்து வந்து ஏரியின் வடிகாலை அடைத்தன, நீர்மட்டம் உயர்ந்தது. கரடி வந்ததாகச் சொல்லப்பட்ட அதே பாதை! எழுத்தே இல்லாமல் ஒரு பேரிடரின் நினைவு நூற்றுக்கும் மேற்பட்ட தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கக்கூடும் என்பது எத்தனை பெரிய வியப்பு! சேறும் நினைவும் ஒன்றை ஒன்று பார்த்து எழுதிக்கொண்டவை அல்ல. அதனால்தான் அவை ஒத்துப்போவதற்கு இவ்வளவு எடை.

ஆனாலும் 1991இல் விசாரணை நீதிபதி உரிமைக் கோரிக்கையை நிராகரித்தார். வாய்மொழி வரலாற்றை நிலவுரிமைக்குத் தனிச் சான்றாக அவர் ஏற்கவில்லை. 1997 டிசம்பர் 11 அன்று கனடா உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. வாய்மொழி வரலாற்றையும் எழுத்து ஆவணங்களுக்குச் சமமாக வைத்தே எடைபோட வேண்டும் என்றது.

இதில் ஆய்வாளர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. எல்லா அதாவுக்குக்கும் அருகில் ஓர் ஏரி வாய்க்காது. சேறு சான்றளித்தால்தான் முதியோர் சொல் செல்லும் என்று நிபந்தனை போட்டால் அது நீதியாகாது. யார் சொன்னார், யாரிடம் கற்றார், எந்தச் சபையில் உறுதியானது என்று விசாரிப்பதும் ஆய்வு முறைதான். 2014இல் சில்கோட்டின் என்ற பழங்குடி மக்களுக்கு 1,700 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தின் உரிமையை அதே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த வழக்கிலும் முதியோர் சொன்ன வரலாறு சாட்சியமாக நின்றது.